வாளியில் மிதந்த வானவில்

பெட்ரோல் பங்க்கில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. அதன்மேல் எண்ணெய் நிறம் நிறமாகப் படர்ந்திருந்ததைக் கண்டதும் கால்களை ஆட்டோவுக்குள் இழுத்துக்கொண்டேன்.

எழுபதுகளில் எங்கள் வீடு கடலோரத் திரேஸ்புரத்தில் இருந்தது. கரையில் பொறுக்கிய மட்டிச் சிப்பிகளை அம்மா உடனே சமைக்க மாட்டாள். மண்ணைக் கக்கட்டும் என்று கடல்தண்ணீரில் ஊறப்போடுவாள். ஒருநாள் துறைமுகப் பக்கமிருந்து எண்ணெய் கறுப்பாக மிதந்து வந்திருந்தது. சிப்பியை மோந்து பார்த்த அம்மா, "ஏளா, சீமெண்ணெய் வாடை அடிக்கு. வேற தண்ணி கோரிட்டு வா, மண்ணக் கக்குத மாதிரி இதையும் கக்கிரும்" என்றாள்.

மூன்று முறை கோரி வந்தேன். மூன்றும் அதே கடல்தான். கடைசி வாளியில் வானவில் மிதந்தது. வழியெல்லாம் அதை ரசித்துக்கொண்டே வந்தேன். அம்மா திட்டுவாளே என்று வாசலில் கையால் விலக்கிவிட்டுக் கொடுத்தேன்.

தம்பிதான் நிறையத் தின்றான். சாயங்காலம் வாந்தியெடுத்துக் கண் செருகிக் கிடந்தான். "மாதாவே, எம்புள்ளையக் காப்பாத்து" என்று அம்மா கதறினாள். நான் கையை மோந்து பார்த்தேன். சோப்புப் போட்டும் வாடை போகவில்லை.

தம்பி பிழைத்துக்கொண்டான். வாளியில் பார்த்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை.

போன வாரம் அவன் வயிற்றில் கட்டி என்றார்கள். "நான் அப்படி என்னத்தக்கா தின்னேன்?" என்று போனில் கேட்டான். அவனைப் பார்க்கத்தான் ஆட்டோவில் போய்க்கொண்டிருக்கிறேன்.