பெட்ரோல் வண்டியை யாரும் இரவல் கேட்பதில்லை

பெட்ரோல் ஷெட்டுக்குள் வண்டியை விட்டதும் நான் இறங்கிவிடுகிறேன். இங்கே இறங்கவே தேவையில்லை. கண்ணாடியை இறக்கி, எவ்வளவு என்று சொன்னால் போதும், அங்கே நிற்பவர் அடித்துவிட்டுப் போவார். ஆனால் கனடாவில் பாதி ஆயுளைக் கழித்தவனுக்குப் பம்பைக் கண்டதும் கால் தானாக இறங்குகிறது, கை தானாகக் குழாயைப் பிடிக்கிறது. அங்கே மழையென்றாலும் பனியென்றாலும் நமக்கு நாமேதான் அடித்துக்கொள்ள வேண்டும், ஏனென்று கேட்க நாதியில்லை. உப்புவெளிப் பக்கத்து ஷெட்டில் முதல்முறை நான் குழாயில் கை வைத்தபோது அங்கே வேலைக்கு நின்றவரின் முகம் சுருங்கிவிட்டது.

"அண்ணை, மீட்டரில நாங்கள் கள்ளம் செய்வம் எண்டு நினைக்கிறீங்களோ?"

"இல்லைத் தம்பி, அங்கத்தைப் பழக்கம்."

"ஓம் ஓம், எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை."

அவர் நம்பவில்லை. அன்றிலிருந்து ஷெட்டுக்குள் போனால் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு, கும்பிடப் போனவன்போல் அசையாமல் இருக்கப் பார்க்கிறேன். அப்படியும் பாதி நாள் மறந்து இறங்கிவிடுகிறேன்.

திருகோணமலைக்கு வடக்கே, சல்லி என்ற கடற்கரைக் கிராமத்தில் பிறந்தவன் நான். கடலை விட்டு ஓடி, கடலே இல்லாத ஊரான எட்மன்டனில் போய் விழுந்தேன். கட்டடச் சாமான் விற்கும் கடை ஒன்றுக்குப் பிக்கப் ஓட்டுவதுதான் அங்கே என் வேலை. பலகை, குழாய், சீமெந்து என்று ஏற்றி இறக்கி முதுகு போய்விட்டது. அப்பா அம்மா இருந்த வீட்டின் கூரை விழப்போகிறது என்று தங்கை ராணி சொன்னபோது, கச்சான் காற்று வீசும் ஒரு பருவம் மட்டும் நின்று திருத்திவிட்டு வருகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மனைவி சுகந்தி அங்கே முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறாள். மகள் வேறு நகரத்தில் படிக்கிறாள். கூரை போட்டு முடிந்து எத்தனையோ மாதமாகிவிட்டது. நான் இன்னும் திரும்பவில்லை. களைத்துப்போய் வந்தவன் கொஞ்சம் ஆறிவிட்டுப் போகலாம் என்று இருந்தேன், ஆறவே இல்லை. இதைப் படிக்கும் ஊர்க்காரர் சிரிப்பார்கள். வெளியில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

வந்தவுடன் ஒரு பிக்கப் வாங்கினேன். ஊரில் கெப் என்பார்கள். கொழும்பில் ஒருவர் பெட்ரோலில் ஓடும் கெப் ஒன்றை நீண்டகாலமாக விற்க முடியாமல் வைத்திருந்தார். நான் அதைத்தான் வேண்டுமென்று சொன்னபோது அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்தே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனால் கனடாவில் நான் ஓட்டியதெல்லாம் பெட்ரோல் வண்டிதான், வீட்டு வாசலில் விட்டுவந்த என் சொந்த டிரக்கும் அப்படித்தான். அங்கே டீசல் பிக்கப் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் மாடு, குதிரை ஏற்றிய ட்ரெய்லர் இழுக்கும் பண்ணைக்காரர்கள். குளிர் கூடினால் சாதாரண டீசல், ஐஸ்பெட்டியில் வைத்த தேங்காய் எண்ணெய்போல் இறுகிவிடும். பெட்ரோல் வண்டிக்குக்கூட இரவில் மின்சார வயர் செருகி எஞ்சினைச் சூடாக வைத்திருப்போம். வண்டிக்குக் கரண்ட் கொடுத்துவிட்டுப் படுக்கிற ஊர் என்று நான் முன்பு எழுதியபோது, ராணி அதை வாசித்துவிட்டு நான் பொய் சொல்கிறேன் என்றாள்.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் இளவயதில் டீசல் என்றால் ஆமி லொறிச் சத்தம். அந்தச் சத்தம் எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பினால் வீட்டில் பேச்சு நின்றுவிடும், அப்பா என்னைப் பின்பக்கத்தால் கடற்கரைக்கு அனுப்பிவிடுவார். போர் முடிந்து இவ்வளவு காலமான பிறகும், காலுக்குக் கீழே அந்த அதிர்வோடு ஒவ்வொரு நாளும் ஓட எனக்கு விருப்பமில்லை. சத்தமில்லாத வண்டி வேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

சத்தமில்லாமல்தான் நின்றது. முற்றத்தில், வேப்பமரத்துக்குக் கீழே, பளபளவென்று. ஊரில் வண்டி வைத்திருப்பவனின் வாசலில் எப்போதும் யாராவது நிற்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அப்பாவின் காலத்தில் ஒரு சைக்கிளுக்கே நின்றார்கள். என் வாசலுக்கு ஒருவரும் வரவில்லை. ராணியின் கணவன் சந்திரன் கரைவலைக்காரன். வலை இழுத்து முடிந்து, சூடை மீனும் கீரி மீனும் நிறைந்த பெட்டிகளை ஏற்றிக்கொண்டு லாண்ட்மாஸ்டர் என்கிற வாடகைக் கைட்ராக்டர் ஒன்று தடதடவென்று என் வாசல் படலையைத் தாண்டிப் போகும். சந்திரன் அதன் மேலிருந்து எனக்குக் கை காட்டுவான். நானும் தேத்தண்ணீர்க் கோப்பையோடு நின்று கை காட்டுவேன். ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பரமேஸ் அக்காவின் கணவருக்கு நெஞ்சு வலி வந்தது. திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு அவரை மூன்று பேராக முச்சக்கர வண்டிக்குள் மடித்துத் திணித்துக் கொண்டுபோனார்கள். என் பிக்கப் வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கிறது. நல்லவேளையாக அவர் பிழைத்துக்கொண்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சந்திரனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"மச்சான், என்னை என்ன, ஆக்கள் பகையாளி எண்டு நினைக்கினமோ? நெஞ்சு வலிக்குக்கூட என்ர வண்டி ஆகாதோ?"

சந்திரன் சாரத்தை மடித்துக் கட்டினான். பிறகு, "கோவிக்காதைங்கோ மச்சான். உங்கட வண்டி பெட்ரோல்," என்றான்.

"அதுக்கு?"

"பெட்ரோல் வண்டியை ஆர் இரவல் கேப்பாங்கள்? எங்கட பிளாஸ்டிக் கானுக்குள்ள இருக்கிறது டீசல். எதைத் திருப்பி ஊத்துறது?"

"ஆர் ஊத்தச் சொன்னது? நான் சும்மா தாறன்."

"அதுதான் ஏலாது எண்டுறன். சும்மா வாங்கினா மற்றமுறை எந்த முகத்தோட வாறது?"

பிறகுதான் அவன் விபரமாகச் சொன்னான். எரிபொருள் தட்டுப்பாடு வந்த காலத்தில், திருகோணமலைக் குடாவுக்கு அந்தப் பக்கம் சீனக்குடாவில் அத்தனை எண்ணெய்த் தாங்கிகள் வரிசையாக நிற்க, எங்கள் சனம் ஷெட் வாசலில் நாள்கணக்காகப் பாய் விரித்துப் படுத்ததாம். நான் அதை எட்மன்டனில் இருந்து கைத்தொலைபேசியில் பார்த்து உச்சுக் கொட்டியவன். அப்போது யாராவது ஆபத்துக்கு வண்டி கொடுத்தால் காசு கொடுத்து என்ன பயன்? காசுக்கு டீசல் கிடைக்காது. ஆகவே வண்டி இரவல் வாங்கியவர், தன் உழவு மெஷினுக்கோ லாண்ட்மாஸ்டருக்கோ பதுக்கி வைத்திருந்த கானிலிருந்து, ஓடிய அளவுக்குக் கண்மட்டத்தில் திருப்பி ஊற்றிவிடுவார். வரிசைகள் போய்விட்டன, வழக்கம் போகவில்லை. இப்போதும் காசை நீட்டினால் அது வாடகை, டீசலை ஊற்றினால் அது இரவல். இரவல் வாங்கியவரிடம் நாளைக்கு நீங்களும் போய் ஒரு தேங்காயோ ஒரு கை உதவியோ கேட்கலாம். பெட்ரோல் ஓடும் வண்டியோடு இந்தக் கொடுக்கல் வாங்கலுக்குள் நுழைய வழியில்லை. எங்கள் ஊரில் அது கடைக் கண்ணாடிக்குள் வைத்த கார் மாதிரி இருந்தது, பார்க்கலாம், தொட முடியாது. கனடாக்காரன் சொகுசுக்கு வைத்திருக்கிறான் என்று மரியாதையாக ஒதுங்கிப் போயிருக்கிறார்கள்.

அந்த வாரமே வண்டியை மாற்றுவது என்று முடிவெடுத்தேன். சுகந்தியோடு கதைக்கும்போது, "கெப்பை விக்கப் போறன்," என்றேன்.

"உண்மையாவோ?" என்றாள். அவளுடைய குரல் அப்படி மலர்ந்ததைக் கேட்டுக் கனகாலம். "அப்ப டிக்கெட் எப்ப போடுறீங்கள்? வசந்தத்துக்கு முந்தி வந்திடுவீங்களோ?"

விற்றுவிட்டு வேறொன்று வாங்கப் போகிறேன் என்று அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். "பாப்பம், பாப்பம்," என்று இழுத்தேன். அவள் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டாள். மகளுக்கும் சொல்லிவிட்டாள்.

கிண்ணியாவில் ஹனீபா நானா என்று ஒருவர் பழைய வண்டிகள் மாற்றிக் கொடுப்பவர். நான் கொண்டுபோன பிக்கப்பைச் சுற்றி வந்து, கதவைத் திறந்து மூடி, "புதுப் பொண்ணு மாதிரி வெச்சிரிக்கீங்க. ஆனா நம்மட பக்கத்துல இத யாரு எடுப்பா?" என்றார். கடைசியில் நிலாவெளியில் ஹோட்டல் நடத்தும் ஒருவர், வெள்ளைக்காரரைக் கொண்டு திரிய அதை எடுத்துக்கொண்டார். சத்தம் இல்லாதது அவருக்குப் பிடித்துவிட்டது. எனக்குக் கிடைத்தது வயதுபோன டீசல் பிக்கப். பின்பெட்டியில் உப்புப் பிடித்துத் தகரம் கரைந்திருந்தது, மீன் நாற்றம் இருக்கையிலும் ஊறியிருந்தது.

"சாவியத் திருப்பிட்டு உடனே ஸ்டார்ட் அடிக்கப்படாது," என்றார் நானா. "இந்த லைட் அணையுமட்டும் பொறுத்திருந்துட்டு அடிங்க. பொறுமை இல்லாதவனுக்கு டீசல் சரிவராது, தம்பி."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஸ்டியரிங் நடுங்கியது. எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியபோது அந்தப் பழைய சத்தத்தை நானே கொண்டுவருகிறேன் என்று நினைத்து வேகத்தைக் குறைத்தேன். பரமேஸ் அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். பயந்துதான் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவரோ, "டீசலோ தம்பி?" என்று கேட்டார். ஓம் என்றேன். "நல்லதாப் போச்சு. நாளைக்கு இவருக்குக் கிளினிக்," என்றார்.

அதோடு தொடங்கியது. கிளினிக், கோயில் அன்னதானத்துக்கு அரிசி, கலியாண வீட்டுக் கதிரைகள், புல்மோட்டையில் செத்துப்போன ஒருவரின் உறவுக்காரர் பதினைந்து பேர். எனக்கு மூச்சு விட நேரமில்லை. விடிய எழும்பினால் படலையில் ஒரு கான் நிற்கும், அதற்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்பார். நான் கனடாவில் சம்பளத்துக்கு ஏற்றி இறக்கியதை இங்கே கானுக்கு ஏற்றி இறக்குகிறேன். அதே முதுகு, அதே நோ. மாலையில் கை கழுவினால் டீசல் மணம் போகாது, சோற்றிலும் அடிக்கும். பாடையிலும் உறவு பார்க்கிற ஊர் என்று அலுத்துக்கொள்வேன். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், யாரும் வராத ஒரு நாள் காலையில், நானே ஒழுங்கை முனைவரை நடந்து போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. களைப்பும் சந்தோஷமும் ஒன்றாகவே வந்தன, எது எதனால் என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

மாசியில் அறுவடை முடிந்தது. கட்டைபறிச்சானிலிருந்து சுகந்தியின் அண்ணன் அழைத்து, நெல் மூட்டை கொஞ்சம் ஏற்ற வேண்டும், வண்டியைக் கொண்டுவர ஏலுமோ என்று கேட்டார். மூதூர்ப் பக்கம் போய் ஏற்றிக் கொடுத்தேன். அவர் நன்றி சொன்னது எனக்கு மட்டுமல்ல என்பதை, சில நாள் கழித்துப் பங்குனி பிறந்த பிறகுதான் அறிந்தேன்.

அன்று கடல் அடங்கியிருந்தது. அந்தப் பருவத்தின் முதல் வலையிலேயே நல்ல மீன்பாடு. சந்திரனும் வலை இழுத்த பத்துப் பேரும் மீன் பெட்டிகளைப் பின்னால் அடுக்கிவிட்டு, அவற்றுக்கு நடுவே ஏறிக்கொண்டார்கள். வண்டி தார் ரோட்டில் எஞ்சின் ஓடியபடி நின்றது. இரண்டு நாளாக ஸ்டார்ட்டர் மோட்டார் வேலை செய்யவில்லை, நிறுத்தினால் தள்ளித்தான் எடுக்க வேண்டும். புறப்படும் நேரம் சுகந்தி அழைத்தாள். எங்களுக்குக் காலை, அங்கே முதல்நாள் மாலை, பனி இன்னும் கரையவில்லை.

"அண்ணன் சொன்னவர்," என்றாள். "நல்ல வண்டியாம். எங்கட சனத்துக்கு நல்ல உதவியாம்."

நான் வண்டிக் கண்ணாடியை ஏற்றினேன்.

"அப்ப நீங்கள் வரேல்ல."

"சுகந்தி, அப்பிடி இல்லை..."

"கத்தேல்ல நான். களைச்சுப்போனன், அவ்வளவுதான். இங்க விட்டுட்டுப் போன உங்கட டிரக்கை வாங்க இப்ப ஒரு ஆள் வந்து நிக்கிறார். முன்சில்லு வரைக்கும் பனி வழிச்சு, நானே ஸ்டார்ட் பண்ணினனான். குடுக்கட்டோ, விடட்டோ? நீங்கள் சொல்லுங்கோ. இந்தாங்கோ, ஒருக்காக் கேட்டுப்போட்டுச் சொல்லுங்கோ."

தொலைபேசியை அந்த எஞ்சினுக்குப் பக்கத்தில் பிடிக்கிறாள் என்று விளங்கியது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. டீசல் என் காலுக்குக் கீழே இடித்துக்கொண்டிருந்தது. காதைப் பொத்தினேன், குனிந்தேன், கேட்கவில்லை. யோசிக்காமல் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினேன்.

அப்போது கேட்டது. தூரத்தில், சீராக, மெல்ல மூச்சு விடுவதுபோல ஓடிக்கொண்டிருந்தது. இடையில் அவள் பனிமேல் கால் மாற்றி வைக்கும் சத்தமும் கேட்டது.

"என்ன மச்சான், நிண்டுட்டுதோ?" என்று சந்திரன் கூரையில் தட்டினான். அவர்கள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஒருவர் பின் ஒருவராகக் குதித்து இறங்கும் சத்தம் கேட்டது. பின் தகரத்தில் கைகள் பதிந்தன. வலை இழுக்கும்போது போடுகிற அதே அம்பாப் பாட்டோடு வண்டியைத் தள்ளத் தொடங்கினார்கள். என் கால் வழக்கம்போல் கிளச்சை மிதித்தது, கை கியரைப் போட்டது. வண்டி மெல்ல உருண்டது, பிறகு வேகம் எடுத்தது.

"இப்ப விடுங்கோ அண்ணை, கிளச்சை விடுங்கோ!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.

காலை எடுத்தால் இது ஸ்டார்ட் ஆகிவிடும், பிறகு அங்கே ஓடும் எஞ்சின் கேட்காது. தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, காலை எடுக்காமல் இருந்தேன். அவர்கள் தள்ளிக்கொண்டே ஓடி வந்தார்கள்.