பக்க விளைவு: பரவால்லைங்க

ஊர் உலகத்தில் கழுத்தைப் பிடித்தால் வெளியே தள்ளுகிறார்கள் என்று அர்த்தம். எங்கள் தொழிலில் அதற்குத்தான் டோக்கன் போட்டுக் காத்திருக்கிறார்கள். நான் பிஸியோதெரபிஸ்ட். பதினோரு வருடமாகக் கோயம்புத்தூரில் அடுத்தவர் கழுத்தைப் பிடித்துப் பிழைக்கிறேன். குனிந்து குனிந்து என் கழுத்தும் போய்விட்டது, அதைக் கேட்கத்தான் ஆளில்லை. இதைப் படிக்கிற நீங்கள் அடுத்தவர் கழுத்தில் கை வைக்கிறவராக இருக்கலாம், அடுத்தவர் கையில் கழுத்தைக் கொடுத்தவராகவும் இருக்கலாம். எப்படியானாலும் நாம் ஒரே இனம். கொஞ்சம் ஆறப்போட்டு எழுதலாம் என்று பார்த்தேன். ஆறவில்லை, அதனால் கோபமாகவே எழுதுகிறேன்.

சத்தம் வராத வைத்தியம்

மேட்டுப்பாளையத்தில் காய்கறி மண்டி வைத்திருக்கும் ஒருவர் வந்தார். நாள் முழுக்கப் போனைக் குனிந்து பார்த்து விலை பேசுகிற மனிதர். கழுத்து பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. அரை மணி நேரம் மெதுவாகப் பிடித்துவிட்டு, மூன்று பயிற்சி சொல்லிக் கொடுத்தேன். கழுத்து நன்றாகவே திரும்பியது. ஆனால் அவர் முகத்தில் திருப்தி இல்லை. நெட்டி எடுக்கவில்லையா என்று கேட்டார்.

நெட்டி முறியும் சத்தம் மூட்டுக்குள் இருக்கும் காற்றுக் குமிழியின் சத்தம்தான், எலும்பு இடத்தில் போய் உட்காரும் சத்தம் இல்லை என்று சொன்னேன். வெடுக்கென்று திருப்பும்போது கழுத்து வழியாக மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் கிழிசல் விழலாம், பக்கவாதம்கூட வரலாம், அபூர்வம்தான், ஆனால் வந்தால் வந்ததுதான் என்றும் சொன்னேன். மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். செருப்பை மாட்டும்போது சொன்னார்: “நீங்க படிச்சவீங்க, பயந்து பயந்து புடிக்கிறீங்க அம்மணி. எங்கூரு சலூன்ல ஒரே திருப்புத்தானுங்க, தேங்கா ஒடச்சாப்ல கேக்கும்.”

மூன்று ‘இல்லை’

அப்போது நான் வேலை பார்த்த கிளினிக்கின் வாசலில் ஒரு போர்டு இருந்தது. மருந்து இல்லை, ஊசி இல்லை, பக்க விளைவு இல்லை. முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது வடிகட்டின பொய்.

கையால் செய்கிற வைத்தியத்துக்கும் பக்க விளைவு உண்டு. பிடித்துவிட்ட பிறகு ஒன்றிரண்டு நாள் வலி கூடலாம், தலைவலி வரலாம், உடம்பு அசந்து போகலாம். பெரும்பாலும் தானே சரியாகிவிடும். ஆனால் முன்கூட்டியே சொல்லாவிட்டால் நோயாளிக்கு எது சாதாரணம், எது ஆபத்து என்று எப்படித் தெரியும்? கிளினிக்கின் முதலாளியும் பிஸியோதான், எனக்கு ரொம்ப சீனியர். போர்டில் மூன்றாவது வரியை அழித்துவிடலாமா என்று அவரிடம் கேட்டேன். நோயாளி அட்டையில் பக்க விளைவு என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் வரவேற்பில் இருக்கும் பெண் அட்டை போடும்போதே ‘இல்லை’ என்று எழுதி வைத்துவிடுகிறாள், அதையாவது நிறுத்தலாமே என்றேன். அவர் சிரித்தார். “கல்யாணப் பத்திரிகையில யாராச்சும் மாப்பிள்ளைக்குக் கொறட்டை வருமுன்னு போடுவாங்களாங்க?”

பரவால்லைங்க

சரோஜாக்கா கணபதிப் பக்கம் ஒரு மோட்டார் பட்டறையில் காயில் கட்டுகிறவர். பம்புசெட் மோட்டாரின் இரும்பு வளையத்துக்குள் செம்புக் கம்பியைக் கையாலேயே சொருகிச் சொருகிக் கட்டும் வேலை. நாள் முழுக்கத் தலை குனிந்தே இருக்க வேண்டும், விரல் நுனிகள் கண் மாதிரி வேலை செய்ய வேண்டும். இருபது வருடமாகச் செய்கிறார். கழுத்து வலி என்று என்னிடம் வந்தார்.

முதல் தடவை பிடித்துவிட்டேன். இரண்டாம் தடவை வந்தபோது, “பரவால்லைங்களாக்கா?” என்று கேட்டேன். “பரவால்லைங்க” என்றார். மூன்றாம் தடவையும் அதே கேள்வி, அதே பதில். கட்டத்தில் இருந்த ‘இல்லை’க்குப் பக்கத்தில் என் கையெழுத்தைப் போட்டேன்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் பரவால்லைங்க என்றால் நன்றாகிவிட்டது என்று பொருள். நன்றாகவில்லை, உங்களுக்கு எதற்குச் சிரமம் என்றும் பொருள். செத்துக்கொண்டிருக்கிறேன், நீங்கள் காபி சாப்பிடுங்கள் என்றும் பொருள். இது தெரிந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நான், பதிலையும் கேள்விக்குள்ளேயே வைத்துக் கொடுத்திருக்கிறேன். பதினோரு வருட அனுபவத்தில் இதைவிட மடத்தனமாக நான் எதுவும் செய்ததில்லை.

நான்காம் தடவை அவருடைய வீட்டுக்காரர் உடன் வந்தார், அவர்தான் போட்டு உடைத்தார். பிடித்துவிட்ட ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் தலையே தூக்க முடியவில்லையாம். வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போகின்றனவாம். ஏன் சொல்லவில்லை என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். சரோஜாக்கா வீட்டுக்காரரை முறைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: “நீங்க அத்தன பாடுபட்டு அமுக்குனீங்க. வலிக்குதுன்னு சொன்னா உங்களுக்குச் சங்கட்டமா இருக்குமுங்களே கண்ணு.”

மைதானத்து மாஸ்டர்

நடுவில் இதையும் சொல்லிவிடுகிறேன். கை வைத்தால்தான் ஆபத்து, பயிற்சி என்றால் பச்சைத் தண்ணீர் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் நெற்றியில் பிளாஸ்திரியோடு வந்தார். காலையில் மைதானத்தில் இருபது பேரை நிற்கவைத்து ஒருவர் பயிற்சி சொல்லித்தருகிறாராம். கழுத்தைப் பின்னால் முழுக்கச் சாய்த்து, வட்டமாக, வேகமாக, ஐம்பது சுற்று. வாத்தியாருக்கு நாற்பதாவது சுற்றில் கண் இருட்டி, விழுந்து, நெற்றியில் தையல்.

பயிற்சி நல்லதுதான், நானே அதைச் சொல்லித்தான் சாப்பிடுகிறேன். ஆரம்பத்தில் தசை கொஞ்சம் வலிக்கும், அது பயப்பட வேண்டிய வலி இல்லை. தலைசுற்றல், பார்வை இரட்டையாகத் தெரிவது, பேச்சுக் குழறுவது, கை கால் மரத்துப் போவது, இதுவரை வராத மாதிரித் திடீரென்று தலையும் கழுத்தும் வலிப்பது, இவையெல்லாம் வேறு. அங்கேயே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மற்ற நாட்களில் தலை சுற்றியதில்லையா என்று கேட்டேன். தினமும் சுற்றியதாம். நாற்பது பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர், கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னார்: “கெறக்கம் வந்தா கெட்ட வாயு வெளிய போவுதுன்னு மாஸ்டர் சொன்னாருங்க, அதான் நான் நிறுத்தல.”

இரண்டு நாள் லீவு

சரோஜாக்காவுக்குக் கழுத்தில் கை வைப்பதை அன்றே நிறுத்தினேன். அட்டையின் மேலே சிவப்புப் பேனாவால், கழுத்தைத் திருகக் கூடாது, ஸ்கேன் பார்த்த பிறகே அடுத்த சிகிச்சை என்று எழுதினேன். நரம்பு டாக்டருக்குக் கடிதமும் கொடுத்தேன். பட்டறையில் ஒரு ஆர்டர் முடிய வேண்டும், அடுத்த வாரம் போகிறேன் என்றார். கையோடு பிடித்து இழுத்துப் போயிருக்க வேண்டும், போகவில்லை. ஈரோட்டில் சித்தி மகள் கல்யாணம் என்று இரண்டு நாள் லீவில் போய்விட்டேன்.

அந்த இரண்டு நாளில் வலி தாங்காமல் சரோஜாக்கா கிளினிக்குக்கு வந்திருக்கிறார். முதலாளியே பார்த்திருக்கிறார். சிவப்பு எழுத்தைப் படிக்கவில்லை. தாடையையும் பின்மண்டையையும் பிடித்து ஒரே திருப்பு. சத்தம் வரவேற்பு வரைக்கும் கேட்டதாம், காத்திருந்தவர்கள் அசந்துபோனார்களாம்.

நான் திரும்பி வந்த அன்று காலை சரோஜாக்கா வீட்டுக்காரரோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். மேஜையில் ஒரு ஊசியை வைத்து எடுக்கச் சொன்னேன். இருபது வருடம் தலைமுடி கனக் கம்பியைக் கட்டிய விரல்கள் அந்த ஊசியைத் தள்ளித் தள்ளிவிட்டன, எடுக்க முடியவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கழுத்தைத் திருப்பிய அன்று வரவேற்பில் ஏதாவது சொன்னீர்களா என்று கேட்டேன். “அந்தப் புள்ள பரவால்லைங்களான்னு கேட்டுச்சுங்க. எல்லாரும் பாக்கறாங்க, என்னத்தச் சொல்றது?”

பேனா

ஆட்டோ பிடித்து வீட்டுக்காரரோடு அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அனுப்பும் முன் அந்தக் கட்டத்தில் இருந்த ‘இல்லை’யை அடித்துவிட்டு எழுதினேன்: கழுத்தைத் திருப்பிய பின் நடை தள்ளாடுகிறது, விரல் மரத்துப்போவது கூடியிருக்கிறது. அதற்குக் கீழே, முதல் மூன்று தடவை நான் சரியாக விசாரிக்கவில்லை என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அட்டையின் நகலை அவர்கள் கையில் கொடுத்தேன்.

ஸ்கேனில் கழுத்துத் தண்டுவடம் நசுங்கியிருந்தது. உடனே ஆபரேஷன். அந்த நசுக்கல் முன்பே இருந்ததுதான், திருப்பியதால் எவ்வளவு மோசமானது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். முதலாளி இந்த வாக்கியத்தின் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார். ஏற்கெனவே இருந்த நோவை நம் தலையில் ஏன் எழுதிக்கொள்ள வேண்டும், புது அட்டை போட்டுத் தருகிறேன், பழையபடி எழுதிக் கொடுங்கள் என்றார். இருந்ததால்தானே திருப்பக் கூடாது என்று எழுதி வைத்தேன் என்று கத்தினேன். அவர் கத்தவில்லை. அநியாயம் செய்தவர்களைத் தண்டிக்கச் சொல்லி ஆனைமலை மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசிவிட்டு வரலாமா என்கிற அளவுக்கு எனக்கு எரிந்தது. எங்கள் ஊரில் மிரட்டலுக்கும் மரியாதை உண்டு. “உங்க பேனாவுக்கு இத்தன வேகம் ஆவாதுங்க அம்மணி, பொழப்புக்கு நல்லதில்லீங்க.”

மறுநாளிலிருந்து நான் அங்கே இல்லை. நானாக நின்றேனா, நிறுத்தினார்களா என்று கேட்கிறார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தது. போகும்போது வரவேற்புப் பெண் மட்டும் வாசல் வரை வந்தாள். “அக்கா, இனிமே அந்தக் கட்டத்துல நான் என்னங்க எழுதறது?”

புது போர்டு

சிங்காநல்லூரில் சின்னதாக ஒரு அறை எடுத்துச் சொந்தமாக உட்கார்ந்தேன். வாசலில், சிகிச்சைக்குப் பின் வலி கூடலாம், எதுவானாலும் மறைக்காமல் சொல்லவும் என்று எழுதி வைத்தேன். முதல் வாரம் ஒரு கணவனும் மனைவியும் வந்து நின்று முழுக்கப் படித்தார்கள். நான் எழுந்து போய்க் கதவைத் திறப்பதற்குள் அந்த அம்மாள் கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்தார். “ஏனுங்க, வாங்க போலாம், இந்தம்மாளுக்கு இன்னும் கை படியல போல.”

எழுதிக்குங்க

ஆபரேஷன் முடிந்து நான்கு மாதம் கழித்து, பயிற்சிக்காக சரோஜாக்கா என்னிடமே வந்தார். நடை திரும்பிவிட்டது. பட்டறையில் காயில் கட்ட முடியவில்லை. கட்டி முடித்த மோட்டார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் இடத்தில் வைத்திருக்கிறார்களாம். புதிதாக வந்தவர்கள் கம்பி கட்டுவதைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு அடிக்கிறாராம். இதை அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அட்டையை எடுத்துவைத்துக்கொண்டு, இப்போது எங்கே, எப்படி, எத்தனை நாளாகக் கஷ்டம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். வழக்கம்போல முதலில் என் முகத்தைப் பார்த்தார். எனக்குச் சங்கடமாக இருக்குமா என்று யோசிக்கிறார் என்பது தெரிந்தது. நான் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் வலது கையை மேஜை மேல் விரித்து வைத்தார். “நல்லாயில்லீங்க கண்ணு. இந்த ரெண்டு வெரலும் இன்னும் செத்துத்தான் கெடக்குது, உங்க மேலயும் எனக்குக் கோவம் இருக்குதுங்க. எழுதிக்குங்க.”

பதினோரு வருடத்தில் என் கேள்விக்குக் கிடைத்த முதல் நேரான பதில் அது, அதற்கு அவர் விலையாகக் கொடுத்தது இரண்டு விரல்.