மருதாணிப்பூத் தலையணை

இது நடந்தது. கதை கட்டுறதுக்கு எனக்கு நேரமும் இல்ல, தெம்பும் இல்ல. நம்பாதவங்க இப்பவே எழுந்து போகலாம், நான் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டேன். லூயிஸ் எனக்கு மச்சான் முறை. அவன் சொன்னதை, அவன் சொன்ன மணியோட அப்படியே சொல்றேன்.

லூயிஸ் ஃபேக்டரி வேன் ஓட்டுறவன். ஈப்போவுக்கு வெளியே தஞ்சோங் ரம்புத்தான் பக்கத்துல இருந்து ஜெலாப்பாங் ஃபேக்டரிக்கு, பதினோரு பொம்பளைங்களை ஏத்திக்கிட்டு விடியக்காலையில கிளம்புவான். ஒன்பது வருஷமா காலை ஷிஃப்ட், ராத்திரி ஷிஃப்ட்னு மாத்தி மாத்தி ஓட்டினதுல, உடம்புக்கு எது பகல் எது ராத்திரின்னே மறந்துபோச்சு. படுத்தா தூக்கம் வராது. 1:20… 2:45… 4:05… மணி பார்த்துப் பார்த்தே விடிஞ்சிடும். பொறவு எழுந்து வேனை எடுக்கணும். கூட்டாளிங்க கிண்டல் பண்ணினா சிரிப்பான். அப்படிச் சிரிக்கறதுக்கே அவனுக்கு அலுப்பா இருக்கும்.

மார்ச் மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை 5:52. வேன் ஓடிக்கிட்டு இருக்கும்போதே கண்ணு மூடிடுச்சு. ரெண்டே செகண்ட்தான். டயர் ரோட்டோரக் கல்லுல இறங்கின சத்தத்துல முழிச்சான். எதிர்ல பெரிய லோரி. எப்படித் திருப்பினான்னு அவனுக்கே தெரியாது.

அதைப் பார்த்தது ஒருத்தங்கதான். மாரியம்மா அக்கா. அறுபதைத் தொடப்போற வயசுல, முட்டி வலியோட இன்னும் பேக்கிங் வேலைக்குப் போறவங்க. மத்தவங்க இறங்கிப் போனதும் மெதுவா சொன்னாங்க.

"தம்பி, இன்னொரு தடவை கண்ணசந்தா நாங்க பதினோரு பேரும் இல்ல. ஏதாச்சும் மருந்து பாரு லா."

அன்னைக்கே ஈப்போவுல கலாதேவி அக்காவோட நாட்டு மருந்துக் கடைக்குப் போனான். அவங்க சொன்னது ஒண்ணு ரெண்டு இல்ல. நாலு மணிக்கு மேல கோப்பி கூடாது. ஒன்பது மணிக்கு மேல ஹேண்ட்போன் கூடாது. வெதுவெதுப்பான தண்ணியில காலை நனைக்கணும். பால்ல அமுக்கரா பொடியும் ஒரு சிட்டிகை ஜாதிக்காயும் போட்டுக் குடிக்கணும், சிட்டிகைக்கு மேல போடவே கூடாது. லூயிஸ் ஒண்ணு விடாம செஞ்சான். அவன் பொண்டாட்டி ஏஞ்சலா ஒன்பது அடிச்சதும் போனைப் பிடுங்கி அரிசி டின்னுக்குள்ள ஒளிச்சு வச்சா. மூணு வாரம் ஆச்சு. ஒரு மணி நேரத் தூக்கம் ரெண்டு மணி நேரமாச்சு, அவ்வளவுதான்.

அடுத்த வழியைச் சொன்னது மாரியம்மா அக்கா. மருதாணிப்பூவைக் காயவச்சு, தலையணைக்குள்ள திணிச்சுப் படுத்தா தூக்கம் சொக்கிக்கிட்டு வருமாம். அவங்க பொறந்த ரப்பர் தோட்டம் இப்ப முழுக்க எண்ணெய் எடுக்குற செம்பனை. ஆனா பழைய ஆயாக் கொட்டாய்க்குப் பின்னால மருதாணி மரம் மட்டும் இன்னும் நிக்குதுன்னாங்க. ரப்பர் பால் வெட்டப் போற தாய்மாருங்க அந்தக் காலத்துல கைக்குழந்தைங்களை விட்டுட்டுப் போன இடம் அது. சும்மா பறிக்காதே, கேட்டுட்டுப் பறின்னும் சொன்னாங்க.

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்ச கையோட லூயிஸ் அங்க போனான். கொட்டாய்க்குக் கூரை இல்ல. சுவர் பாதிதான் இருந்துச்சு. சுத்தி எங்கயும் இடுப்பளவு புல்லு. மரத்தடி மட்டும் அப்பத்தான் கூட்டிவிட்ட மாதிரி சுத்தமா இருந்துச்சு… ஒரு சருகு இல்ல. அவனுக்குக் கொஞ்சம் உறுத்துச்சு. தூக்கமில்லாத மனுசன் எதைத்தான் ஒழுங்கா யோசிப்பான்?

மரத்துக்கிட்ட எப்படிக் கேக்கறதுன்னு அவனுக்குத் தெரியல. தினமும் வீட்டுல ஜெபமாலை சொல்லி, அடுத்தவங்களுக்கும் சேர்த்தே வேண்டிப் பழகின வாய். எனக்குத் தூக்கம் வேணும், என் வேன்ல வர்றவங்களும் அலுத்துப்போய்க் கிடக்குறாங்க, அவங்களுக்கும் நல்ல தூக்கம் வேணும்னு, பதினோரு பேரையும் பேர் சொல்லிச் சொல்லிக் கேட்டான். அட மடையா! கேக்கறதுக்கும் ஒரு அளவு வேணாமா?

பூ காய்ஞ்சது. ஏஞ்சலா தலையணை தைச்சுக் குடுத்தா. புதன்கிழமை ராத்திரி 10:10-க்குப் படுத்தான். 10:15-க்குத் தூங்கிட்டான்.

பாதித் தூக்கத்துல முதுகுல ஒரு கை.

தட்… தட்… தட்…

ஏஞ்சலாதான்னு நினைச்சான். தன்னையும் ஒருத்தர் தட்டித் தூங்க வைக்கிறாங்களேன்னு அவனுக்கு அழுகையே வந்துடுச்சு. காலையில எழுந்து அவளுக்கு நன்றி சொன்னான். ஏஞ்சலா திருதிருன்னு முழிச்சா. ராத்திரி பூரா அவ மக ஷார்மேன் ரூம்ல படுத்திருந்தாளாம்.

எட்டு ராத்திரி அப்படித் தூங்கினான். பயமா இல்லையாடான்னு கேட்டேன். தூக்கம் வருதேன்னான்.

அடுத்த வியாழக்கிழமை. காலை 5:46.

வேன்ல எப்பவும் பேச்சுச் சத்தம் ஓயாது. மருமக கதை, சீரியல் கதை. அன்னைக்கு அந்தப் பேச்சு பின்னால இருந்து ஒண்ணொண்ணா நின்னுச்சு.

கடைசி சீட்டு… அமைதி.

அதுக்கு முன் சீட்டு… அமைதி.

தட்… தட்… தட்…

5:49. கண்ணாடியில பார்த்தான். பின் சீட்டுல எல்லாத் தலையும் ஒரே பக்கம் சாஞ்சிருந்துச்சு. நடுவுல யாரோ குனிஞ்சு நின்னாங்க. வெள்ளை முக்காடு. முகம் தெரியல. ஒரு சீட்டுல தட்டி முடிச்சிட்டு… அடுத்த சீட்டுக்கு வந்தாங்க.

லூயிஸ் நாக்கைக் கடிச்சான். ரத்தம் வந்துச்சு. அப்பவும் கண்ணு மூடுது.

5:51. அவனுக்கு நேர் பின் சீட்டு.

தட்…

அவன் தோள்ல.

பிரேக்கை மிதிச்சான்.

கதவைத் திறந்து ஒவ்வொருத்தியா உலுக்கினான். திட்டிக்கிட்டே எழுந்தாங்க. நடுவுல யாரும் இல்ல. மாரியம்மா அக்காவை எழுப்பத்தான் ரொம்ப நேரமாச்சு. எழுந்ததும் அக்கா ரோட்டோரத்துல உட்கார்ந்து அழுதாங்க. அப்புறம்தான் வாயைத் திறந்தாங்க.

அந்தக் கொட்டாய் ஆயா பேரு செல்லாயி. எந்தப் பிள்ளை அழுதாலும் பொறுக்க மாட்டாங்களாம், தட்டித் தட்டியே தூங்க வைப்பாங்களாம். தங்கமான மனுஷி. ஆனா ஒரே வருஷத்துல மூணு குழந்தைங்க அவங்க கையில தூங்கி, எந்திரிக்கவே இல்ல. மூணாவது குழந்தை மாரியம்மா அக்காவோட தங்கச்சி.

"தெரிஞ்சேவா அக்கா என்னை அங்க அனுப்பினீங்க?"

"உனக்குத் தூக்கம் வரட்டும்னுதான் அனுப்பினேன். எனக்கும் வரும்னு நினைக்கல தம்பி. அம்பது வருஷமாச்சு நான் இப்படித் தூங்கி. ஏன் எழுப்புனே?"

லூயிஸ் தலையணையை எரிச்சான். வேன் சாவியைக் குடுத்துட்டான். புது டிரைவர் கிளென்கிட்ட எல்லாத்தையும் சொன்னான். கிளென் நம்பல. லூயிஸுக்குப் பழையபடி தூக்கம் போச்சு. அதுக்காக அவன் கவலைப்படல. தினமும் 5:40-க்கு கிளெனுக்கு போன் போட்டு, ஸ்பீக்கர்ல வைக்கச் சொல்லி, ஃபேக்டரி கேட் வர்ற வரைக்கும் சத்தமா எதையாச்சும் பேசிக்கிட்டே இருப்பான். பின்னால பொம்பளைங்க திட்டுவாங்க. திட்டினா அவனுக்குச் சந்தோஷம், முழிச்சிருக்காங்கல்ல. அஞ்சு மாசம். ஒரு நாள் தவறல.

போன செவ்வாய்க்கிழமை லூயிஸ் தூங்கிட்டான்.

மருந்து சாப்பிடல. படுக்கக்கூட இல்ல. கையில போனோட, நாற்காலியில உட்கார்ந்தபடியே.

முழிச்சப்ப மணி 7:35. முதுகுல ஒரு இடம் மட்டும் சூடா இருந்துச்சு. உடனே கிளெனைக் கூப்பிட்டான்.

வேனுக்கு ஒண்ணும் ஆகல. கிளெனுக்கும் ஒண்ணும் இல்ல. 6:20-க்கு கேட்டுல போய் நின்னிருக்கு.

பத்துப் பேர்தான் இறங்கினாங்க. மாரியம்மா அக்காவை எவ்வளவு உலுக்கியும் எழுப்ப முடியல.