ரினா வீட்டு மரவள்ளிக்கிழங்கு

காட்டுக்குள் ஆள் கூட்டிப்போகிற தொழிலுக்கு வழி தெரிந்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் ஒரு நாள் எங்களோடு வந்து பார்த்திருக்க வேண்டும். அட்டைக்கடி, வழுக்கல், அரை மணிக்கொரு தடவை "இன்னும் எவ்வளவு தூரம்?" என்கிற கேள்வி, இதையெல்லாம் பட்டவர்களுக்குத்தான் நான் சொல்வது புரியும். எழுபதுகளின் கடைசியில் நாங்கள் மலாய் நாட்டு மலையில், ரிங்லெட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டில் இருந்தோம். லீவு நாட்களில் என் வீட்டுக்காரர் வெள்ளைக்காரர்களைக் காட்டுக்குள் அழைத்துப்போவார். கூட்டத்தில் பெண்கள் இருந்தால் கைப்பிள்ளையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு நானும் கிளம்பிவிடுவேன். இப்போது அந்தப் பக்கம் மண் ரோடு போட்டு லாரி போகிறது. அன்றைக்கு எல்லாமே நடைதான்.

புகையிலைச் சாக்ஸ்

அட்டைக்கு நாங்கள் கண்ட மருந்து புகையிலைத் தண்ணீர். இரவே சாக்ஸை அதில் ஊறப்போட்டுக் காலையில் மாட்டிக்கொண்டால் அட்டை கிட்டே வராது. மனிதர்களும் வரமாட்டார்கள், அவ்வளவு நாற்றம். ஒரு வெள்ளைக்கார அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு மாட்டவே மாட்டேன் என்றுவிட்டார். முழங்கால் வரைக்கும் புது பூட்ஸ் இருக்கிற தைரியம். அவர் கணவர் மட்டும் மறுபேச்சு இல்லாமல் மாட்டிக்கொண்டார்.

முதல் ஓடை தாண்டியதும் அம்மா ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். உள்ளே ஒரே ரத்தம். கணவரின் காலைக் காட்டிக் கையை நீட்டினார். மனிதர் சாக்ஸை உருவிக்கொண்டே எங்களைப் பார்த்துச் சொன்னார்: "காலையில் இதை மாட்டினால் பக்கத்தில் வராதே என்றவள் இவள்தான்."

பைக்குப் பை மருந்து

தேயிலை முடிகிற இடத்திலிருந்து அரை நாள் கீழே இறங்கினால் காட்டுப் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லிகளின் கம்பம், சின்னக் கிராமம். அங்கே கிளினிக் கிடையாது. காய்ச்சல் மாத்திரை, வயிற்றுப் பூச்சிக்குப் புட்டி மருந்து, சொறிக்குக் களிம்பு என்று டவுன் கிளினிக்கில் கொடுப்பதை வாங்கி, வருகிறவர்கள் பைக்கு ஒன்றாகப் பிரித்து வைத்துவிடுவோம். சுமக்க மாட்டேன் என்று ஒருவரும் சொன்னதில்லை. சிலர் அந்தப் புட்டியோடு போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

ஒரு வருடம் பக்கத்துப் பள்ளத்தாக்கில் கக்குவான் இருமல் வந்து ஒரு குழந்தை செத்துப்போனது. அடுத்து நம் கம்பத்துக்கு வரும் என்று எல்லோருக்கும் பயம். மாத்திரையெல்லாம் உதவாது, கைக்குழந்தைகளுக்கு ஊசி போட்டே ஆகவேண்டும் என்றாள் மிஸ்ஸி. ஈப்போ நகரத்திலிருந்து டவுன் கிளினிக்குக்குப் புதிதாக வந்த நர்ஸ், செல்வி என்று பெயர்; நர்ஸை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்துத் தானே தூக்கிக்கொண்டு வருகிறேன் என்றாள். காட்டுக்குள் போய் அறியாத பெண், வெள்ளை ஷூ வேறு. நான் யோசித்தேன். அவள் யோசிக்கவே இல்லை. "நீங்க வழியை மட்டும் காட்டுங்கக்கா, மத்தது நான் பாத்துக்கறேன்."

வேண்டாம் என்றோம்

கம்பத்தில் எங்களுக்குப் பழக்கமானவள் ரினா. மூங்கில் வீடு, தவழ ஆரம்பித்த பெண் குழந்தை. ரினா பிள்ளையைக் கொடுத்தால் மற்றத் தாய்மாரும் கொடுப்பார்கள். நாங்கள் போய் உட்கார்ந்ததும் மூங்கிலில் சுட்ட மரவள்ளிக்கிழங்கை இலையில் வைத்து முன்னால் தள்ளினாள். நம் வளர்ப்பு எப்படி? கொடுத்ததும் கை நீட்டினால் அலைகிறார்கள் என்று நினைப்பார்களே. "வேண்டாம், இப்பத்தான் சாப்பிட்டோம்" என்றாள் மிஸ்ஸி. நானும் அதையே சொன்னேன். வயிறு கூவுகிறது. வற்புறுத்தினால் எடுத்துக்கொள்ளலாம் என்று இரண்டு பேரும் காத்திருந்தோம்.

ரினா வற்புறுத்தவில்லை. எங்கள் முகத்தையே பார்த்தாள், இலையை எடுத்தாள், குழந்தையை அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வாசலில் நின்ற தாய்மாரும் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். கூப்பிட்டுப் பார்த்தோம், கெஞ்சிப் பார்த்தோம். பிளாஸ்கில் ஐஸ் கரைந்ததுதான் மிச்சம்.

திரும்பும்போது ரினாவின் புருஷன் சுடின், கையில் காடு வெட்டுகிற பாராங் கத்தியோடு பின்னாலேயே வந்தான். தேயிலை கண்ணில் படுகிற வரைக்கும் அதே இடைவெளியில் நடந்துவந்து, அப்புறம் நின்றுகொண்டான். மிஸ்ஸி என் கையைப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தாள்: "திரும்பிப் பாக்காதீங்கக்கா, நம்மள விரட்டிட்டுத்தான் வந்திருக்கான்."

சாப்பாட்டு ராமன்

அடுத்த தடவை போனபோது ஒரு பருத்த வெள்ளைக்கார வாத்தியார் வந்தார். எதை நீட்டினாலும் தின்றார். கிழங்கு, ஆற்று மீன், புகை போட்ட அணில், எதற்கும் முகம் சுளிக்கவில்லை. ரினா தன் பிள்ளையைத் தூக்கி அவர் மடியில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். எனக்குப் பொறுக்கவில்லை. ஊசி போட வந்த பெண்ணிடம் கொடுக்காத பிள்ளையை இந்த மனிதரிடம் கொடுக்கிறாயே என்று மலாயில் கேட்டே விட்டேன்.

அவளுக்கு என் கேள்விதான் அதிசயம். முன்னால் வைத்த சாப்பாட்டைத் தொடாமல் எழுந்துபோனால் போகிற வழியில் கெடுதல் வருமாம். பாம்பு கடிக்கும், மரம் விழும். வயிறு நிறைந்திருந்தால் விரலால் ஒரு தொடு தொட்டாலே போதுமாம். கெடுதல் தலைக்கு மேல் நிற்கிற பெண் கையில் எந்தத் தாய் பிள்ளையைக் கொடுப்பாள்? சுடின் கத்தியோடு வந்தது எங்களுக்குக் காவலாக. "நீங்க ரெண்டு பேரும் வீடு போய்ச் சேந்தீங்கன்னு அவர் வந்து சொல்ற வரைக்கும் எனக்குச் சோறு இறங்கல" என்றாள் ரினா.

ஊசி போட்ட நாள்

மிஸ்ஸியிடம் சொன்னதும் சிரிக்கவில்லை, கண் கலங்கிவிட்டது. மறுபடி போனபோது காலையிலிருந்து பட்டினி கிடந்து வந்தாள். கிழங்கை வைத்த கையை ரினா எடுக்குமுன் இவள் எடுத்து வாயில் போட்டாள். ரினா குழந்தையை அவள் மடியில் வைத்தாள். ஊசி ஏறியதும் பிள்ளை போட்ட கூச்சலில் நாய்களெல்லாம் ஓடின. ரினா தன் கால்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு மற்றத் தாய்மார் வந்தார்கள், ஆளுக்கொரு பிள்ளை, ஆளுக்கொரு இலை. மூன்று தடவை போட வேண்டிய ஊசி. மூன்று தடவையும் எல்லா வீட்டிலும் சாப்பிட்டோம்.

மழைக்காலத்தில் இருமல் வரத்தான் வந்தது. பெரியவர்கள் சிலர் படுத்தார்கள். கைக்குழந்தைகளில் ஒன்றும் போகவில்லை. மழை விட்டதும் போய்ப் பார்த்தேன். ரினாவின் மகள் நடந்துகொண்டிருந்தாள். தாய் கிழங்கை ஊட்டப் போனால் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு ஓடுகிறாள். ரினா விரட்டிப் பிடித்துத் துளி கிழங்கை அவள் உதட்டில் தடவிவிட்டு, என்னிடம் கோபமாகச் சொன்னாள்: "எதைக் கொடுத்தாலும் வேண்டாம்கறாளே, உங்க மிஸ்ஸி ஊசியில என்னத்தக் கலந்தா?"

மலையேறினால் உடம்பு இளைக்கும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், அந்த வருடங்களில் நான் போட்ட ரவிக்கைகள் எல்லாம் பிரித்துத் தைத்தவைதான்.