காப்புறுதிச் சந்தையும் என் வலது தோளும்

1. பானை

ஒஸ்லோவில் ஓர் அரச கட்டடத்தின் கன்ரீனில் நான் வேலை செய்கிறேன். ஒரு திங்கட்கிழமை காலை கரட் சூப் பானையைத் தூக்கினேன். வலது தோள் வெட்டி இழுத்தது. பானை கையை விட்டுப் போய், சூப் முழுவதும் தரையில் கொட்டியது.

சமையலறைப் பொறுப்பாளர் தவம் அண்ணை என்னைத் திட்டவில்லை. கன்ரீனை வேறொரு கொம்பனி பொறுப்பெடுக்கப் போகிறது, பானை தூக்க முடியாத ஆளை அவர்கள் வைத்திருக்கமாட்டார்கள் என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

தோளுக்கு ஒபரேசன் தேவை என்று முன்பே முடிவாகி, பொது ஆஸ்பத்திரியின் காத்திருப்பு வரிசையில் என் பெயரும் இருந்தது. எத்தனையாவது இடம் என்று கேட்க வெட்கமாக இருந்ததால் கேட்கவில்லை.

பானைக்கு உதவாதவன் கோப்பிக்கு உதவுவான் என்று, அண்ணை என்னை மேல்மாடிக் கூட்ட அறைக்கு மாற்றிவிட்டார்.

2. சந்தை

அங்கே அரசு அமைத்த குழு ஒன்று கூடிக்கொண்டிருந்தது. தனியார் மருத்துவக் காப்புறுதிகளை எல்லாம் ஒரே இடத்தில் அடுக்கி, மக்கள் ஒப்பிட்டுப் பார்த்து வாங்குவதற்கு அரசே இணையத்தில் ஒரு சந்தை திறக்கலாமா என்பதுதான் கேள்வி. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். எனக்குத் தெரிந்த சந்தையில் கத்தரிக்காயை அமுக்கிப் பார்த்து வாங்கலாம். காப்புறுதியை எங்கே அமுக்கிப் பார்ப்பது என்று விளங்கவில்லை.

முதல் இரண்டு கூட்டங்களும் சந்தைக்கு என்ன பெயர் வைப்பது என்பதிலேயே போயின. பிள்ளை வேண்டுமா வேண்டாமா என்று முடிவாகவில்லை. பெயர் சூட்ட நாள் பார்த்தார்கள்.

குழுவில் இரண்டு பேர் ஓயாமல் மோதினார்கள். சந்தை வேண்டும் என்றவர், வரிசையில் நிற்கும் ஏழைகளை நினைத்தால் தனக்கு நித்திரை வருவதில்லை என்பார். அவர் வாழ்நாளில் நின்ற ஒரே வரிசை, கோப்பியோடு நான் வைக்கும் வாஃபல் பணியாரத் தட்டுக்கு முன்னால்தான். அதிலும் இடையில் புகுந்துவிடுவார். சந்தை கூடாது என்றவர், காசு உள்ளவன் முந்திக்கொண்டு போவது அநியாயம் என்று மேசையில் தட்டுவார். நல்ல மனிதர். ஊன்றுகோலோடு வந்துகொண்டிருந்தவர் ஒரு கூட்டத்துக்கு வரவில்லை. அடுத்த கூட்டத்துக்கு விறுவிறுவென்று நடந்து வந்தார். வேலையிடத்துக் காப்புறுதியில் தனியார் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு ஒபரேசன் செய்துகொண்டாராம். பக்கத்தில் இருந்தவர் சிரித்தபோது அமைதியாகச் சொன்னார்:

“கொள்கை வேறை, முழங்கால் வேறை.”

பிறகு குழுவின் தலைவி, சாதாரண மக்களின் குரலையும் கேட்கவேண்டும் என்றார். தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. ஒரு சாதாரண மனிதன் இடது கையில் கோப்பி ஊற்றும் கூசாவோடு அவர் பக்கத்திலேயே நின்றான். சிகிச்சைக்குக் காத்திருந்த அனுபவம் உண்டா என்று கேட்டார். இப்போதும் காத்திருக்கிறேன் என்றேன். அது எப்படிப் போகிறது என்று கேட்டார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது.

“நல்லாப் போகுது. ஒரு கரைச்சலும் இல்லை” என்றேன்.

பார்த்தீர்களா, பொது ஆஸ்பத்திரி ஒழுங்காகத்தான் இருக்கிறது என்றார் முழங்கால்காரர். பார்த்தீர்களா, வேறு வழி தெரியாததால் இவர் திருப்திப்பட்டிருக்கிறார், சந்தை அவசியம் என்றார் மற்றவர். என் ஒரு வசனத்தால் இரண்டு பக்கமும் வென்றது. தோற்றவன் கோப்பி ஊற்றிக்கொண்டு நின்றான்.

3. கீழே

நடந்ததைக் கேட்டு அண்ணை கத்தியைக் கீழே வைத்தார்.

“கேக்கவேண்டிய ஆக்களே கேட்டிருக்கினம். நீர் கலியாண வீட்டிலை சுகம் விசாரிச்ச மாதிரி மறுமொழி சொல்லிப்போட்டு வாறீர்.”

நான் கூசாவைக் கழுவத் தொடங்கினேன். அண்ணை விடவில்லை.

“டொக்டரிட்டையும் இப்பிடித்தான் சொன்னனீரோ?”

ஓம். ஒவ்வொரு முறையும் அப்படித்தான். பரவாயில்லை, சமாளிக்கலாம் என்று சிரித்துக்கொண்டு சொல்வேன். டொக்டர் தலையாட்டி அதை அப்படியே கொம்பியூட்டரில் பதிவார். சமாளிக்கிறவனை அவசரமாக யார் கூப்பிடுவார்கள்?

அந்தக் கிழமையே, நான் குடியிருக்கும் ஸ்டோவ்னர் பகுதியில் என் குடும்ப டொக்டரிடம் போனேன். வழமைபோல் எப்படி இருக்கிறீர்கள் என்றார். வழமையான பதில் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

“காலமையிலை மனுசிதான் சேட்டுப் போட்டுவிடுறவ. இரவிலை நித்திரை இல்லை. வேலையும் போகப்போகுது.”

அவர் எழுதுவதை நிறுத்தினார். “இதை ஏன் முதலே சொல்லேல்லை?”

“நீங்கள் மரியாதைக்குக் கேக்கிறியள் எண்டு நினைச்சன்.”

அவர் கையைத் தூக்கச் சொன்னார். நெஞ்சுக்கு மேலே போகவில்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் புதிதாக எழுதினார். ஒபரேசன் முன்னுக்கு வந்தது, சில மாதங்களில் தோளும் ஆறியது. புதிய கொம்பனி வந்தபோது நானும் பானையைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

குழுவும் தன் அறிக்கையை வெளியிட்டது. காத்திருப்போர் பொதுவாகத் திருப்தியுடன் உள்ளனர் என்று அதில் இருக்கிறதாம். அந்தக் காத்திருப்போர் நான் ஒருவன்தான். சந்தை பற்றி முடிவு சொல்ல இன்னொரு குழு வேண்டும் என்றும் பரிந்துரைத்திருக்கிறார்கள்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். காசால் முந்துகிறவர்களைப் பற்றி குழுக்காரர்கள் ஆறுதலாக இருந்து விவாதிக்கட்டும். வெட்கத்தால் பிந்துகிறவனுக்கு எந்தச் சந்தையிலும் காப்புறுதி கிடையாது. நோகிறது என்றால், கேட்கிற முதல் ஆளிடமே நோகிறது என்று சொல்லிவிடுங்கள். எங்கள் ஆட்களிடம் நல்லாயிருக்கிறேன் என்றால் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு தரம் கேட்பார்கள். இந்த நாட்டில் நம்பிவிடுவார்கள்.