இடது பக்கக் கதவு

போன வாரம் வத்தலக்குண்டில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். கோயிலில் பூசை முடிந்து, மண்டபத்தில் பிரியாணி முடிந்து, பீடாவையும் மென்றாகிவிட்டது. ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான் பாக்கி.

என் தம்பி சேவியரும் அவன் மனைவி ஸ்டெல்லாவும் வழியனுப்பக் கார் வரைக்கும் வந்தார்கள். பக்கத்துச் சேவுகம்பட்டியில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறார்கள். டிக்கியில் தேங்காய் ஏற்றாமல் எங்களை விட்டதாகச் சரித்திரமே கிடையாது. அன்றைக்கும் ஏற்றினார்கள்.

என் வீட்டுக்காரர் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, சாவகாசமாக இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

தம்பிக்கு முகமே மாறிவிட்டது. ஜன்னலில் குனிந்தான்.

“என்ன மச்சான்... ஒடம்புக்கு ஏதும் முடியலையா?”

“நல்லா இருக்கேன் மாப்ள. அதான் இங்கிட்டு உக்காந்திருக்கேன்.”

அவன் நம்பவில்லை. என்னைத் தள்ளிக்கொண்டு போய், “அக்கா, மறைக்காமச் சொல்லு. நெஞ்சு வலியா? மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிருவமா?” என்றான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நம் ஊரில் ஓர் ஆண் காரில் மனைவிக்கு இடது பக்கம் உட்கார்ந்து வந்தால் என்ன அர்த்தம்? ஒன்று, கையில் மாவுக்கட்டு... இல்லையென்றால், காலில் மாவுக்கட்டு!

ஸ்டெல்லாவுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. நான் வலது பக்கம் ஏறி, சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியைச் சரி செய்வதை, கல்யாணப் பெண்ணைப் பார்த்ததைவிட உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் லைசென்ஸ் வைத்திருப்பவள்தான். பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில்.

“இது எப்ப இருந்து மதினி?” என்று மெதுவாகக் கேட்டாள்.

அன்று சாயங்காலமே போனில் அவளுக்குக் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேனே.

இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். என் வீட்டுக்காரர் பெயர் அமல்ராஜ். திண்டுக்கல்லில் பம்புசெட் கடை. கன்னிவாடிப் பக்கம் எந்தத் தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் மக்கர் செய்தாலும், ஆளை அனுப்பாமல் தானே காரை எடுத்துக்கொண்டு ஓடுகிறவர். நான் கணக்கு டீச்சராக இருந்து ரிடையர் ஆனவள்.

வேலையில் இருக்கும்போதே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கிவிட்டேன். “அதுக்கென்ன, ஓட்டு பிலோ. நானா வேணாங்குறேன்?” என்று தாராளமாகச் சொன்னார். பிலோமினா என்ற என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

முதல் நாள் வத்தலக்குண்டு ரோட்டில் எடுத்தேன். பக்கத்தில் அவர். “க்ளட்ச்சு... க்ளட்ச்சு! ஏய், மாடு! பிரேக்க மிதி! ஹாரன் எதுக்கு இருக்கு?” மாடு அமைதியாகத்தான் போனது. செம்பட்டி வந்ததும் ஓரங்கட்டி நிறுத்தினேன். இறங்கி, சாவியை அவர் மடியில் போட்டேன். அதற்கப்புறம் என் லைசென்ஸ், ரயிலில் டிக்கெட் பரிசோதகரிடம் காட்ட மட்டுமே பயன்பட்டது.

சரி, அமெரிக்காவுக்கு வருவோம்.

எங்கள் மகன் ஜெரால்டு நியூஜெர்சியில் இருந்தான். நாங்கள் அவனைப் பார்க்கப் போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், வேலை கலிஃபோர்னியாவுக்கு மாறிவிட்டது. அவனும் மருமகளும் கைக்குழந்தையோடு விமானத்தில் போவதாகவும், காரை மட்டும் லாரியில் ஏற்றி அனுப்பப் போவதாகவும் போனில் சொன்னான். இவருக்குப் பொறுக்கவில்லை.

“நல்லா ஓடுற கார எதுக்குடா லாரில ஏத்துற? நானும் அம்மாவும் ஓட்டிட்டு வாரோம்.”

“அப்பா, அது கன்னிவாடி இல்லப்பா. இந்தக் கடல்ல இருந்து அந்தக் கடல் வரைக்கும் போகணும்.”

“ரோடு இருக்குல்ல?”

ரோடு இருந்தது. அப்பாவின் பிடிவாதத்தை ஜெயித்தவர்கள் எங்கள் வீட்டில் யாரும் இல்லை. கடைசியில் மகன் ஒரு கண்டிஷன் போட்டான்: இரண்டு பேருமே இன்டர்நேஷனல் பர்மிட் எடுத்து வர வேண்டும், இரண்டு பேர் பெயரையும் இன்ஷூரன்ஸில் சேர்ப்பேன், ஒருவருக்கு அலுப்பாக இருந்தால் இன்னொருவர் ஓட்ட வேண்டும். “அதுக்கென்ன, பிலோ ஓட்டுவா” என்றார் இவர். மகனுக்குச் சொன்ன அந்த வார்த்தையை நான் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

உண்மையைச் சொல்கிறேன்... எனக்கு ஓட்ட வேண்டும் என்று ஆசை. நயாகரா வேண்டாம், சுதந்திர தேவி சிலை வேண்டாம். அந்த அகலமான ரோட்டில், மாடு இல்லாத ரோட்டில், செத்த நேரம் நான் ஓட்ட வேண்டும். அவ்வளவுதான்.

பிளாஸ்க், எலெக்ட்ரிக் குக்கர், புளிக்காய்ச்சல், எலுமிச்சை ஊறுகாய் சகிதம் நியூஜெர்சியிலிருந்து மகன் காரில் கிளம்பினோம். முதல் பெட்ரோல் பங்கிலேயே ஒரு கூத்து.

பெட்ரோல் போட்டுவிட்டு வந்து நான் வழக்கம்போல இடது பக்கக் கதவைத் திறக்கிறேன். எதிரே ஸ்டீயரிங்! அவர் வழக்கம்போல வலது பக்கக் கதவைத் திறக்கிறார். எதிரே ஒன்றுமே இல்லை! அமெரிக்காவில் டிரைவர் சீட் இடது பக்கம் அல்லவா? இத்தனை வருஷப் பழக்கம், கால் தானாகப் போய்விட்டது. இரண்டு பேரும் இறங்கி, காரைச் சுற்றி வந்து, பானெட்டுக்கு முன்னால் சந்தித்து, வழி விட்டு, அவரவர் இடத்துக்குப் போனோம்.

ஒரு தடவை என்றால் பரவாயில்லை. பென்சில்வேனியாவில் இதேதான். ஒஹாயோவில் இதேதான். காபிக்கு நிறுத்தினாலும் இதேதான். இண்டியானாவில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், “எல்லா ஸ்டாப்பிலும் இந்த டான்ஸ் உண்டா?” என்று கேட்டே விட்டார்.

ஒவ்வொரு தடவையும் அந்த சீட்டில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுந்தேன். ஒவ்வொரு தடவையும், “இந்தாங்க, கொஞ்சம் நான் ஓட்டட்டுமா?” என்று கேட்டேன். “இன்னும் செத்த நேரம் போகட்டும்.” இது எல்லா மாநிலத்திலும் எனக்குக் கிடைத்த பதில்.

கான்சாஸ் வந்தது. நம் கன்னிவாடிச் சமவெளியில் எங்கே நின்றாலும் ஒரு பக்கம் மலை தெரியும். கான்சாஸில் அதுவும் கிடையாது. தட்டையாக, நேராக, முடிவே இல்லாமல் ரோடு. அந்த மாதிரி ரோடு தாலாட்டிவிடும்.

முந்தின நாள் மோட்டலில் மெத்தை சரியில்லாமல் இவர் தூங்கவே இல்லை. கண்ணைக் கண்ணைத் தேய்க்கிறார். திடீரென்று ‘டர்ர்ர்ர்’ என்று ஒரு சத்தம். அங்கே ரோட்டோரத்தில் வரிவரியாகப் பள்ளம் வெட்டி வைத்திருக்கிறார்கள். கோட்டைத் தாண்டி டயர் பட்டால் சத்தம் போட்டு எழுப்பும்.

“காத்து இழுக்குது” என்றார்.

கொஞ்ச தூரத்தில் மறுபடியும் ‘டர்ர்ர்ர்’.

“இதுவும் காத்தா?” என்றேன். என் கை ஜெபமாலையைத் தேடியது. நிஜமாகவே பயந்துவிட்டேன். கைக்குழந்தையோடு மகன் அந்தக் கடலோரத்தில் காத்திருக்கிறான்... நாங்கள் முழுசாகப் போய்ச் சேர வேண்டாமா?

அடுத்த பங்கில் நிறுத்தினார். பாத்ரூம் போய்விட்டு வந்தேன். கால் வழக்கம்போல இடது பக்கக் கதவுக்குப் போனது. திறந்தேன். உட்கார்ந்தேன். ஸ்டீயரிங்.

அன்றைக்குப் போனது பழக்கத்தில் போன காலா, இல்லை திட்டம் போட்டுப் போன காலா... இன்று வரைக்கும் எனக்கே தெரியாது.

அவர் வந்து கதவைத் திறந்து நின்றார்.

“எந்திரி பிலோ.”

நான் பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன்.

“என்னது இது? எந்திரிங்குறேன்ல?”

“மாட்டேன். அந்த டர்ர் சத்தத்த இன்னொரு தடவ என்னால கேக்க முடியாது. ஒண்ணு நான் ஓட்டுறேன். இல்ல, ரெண்டு பேரும் இங்கயே இருப்போம்.”

வெளியே அப்படி ஒரு காற்று. சட்டை படபடக்க நின்றுகொண்டிருந்தார். கடைசியில் காரைச் சுற்றிப் போனார்... இந்தத் தடவை தனியாக.

ஆட்டோமேட்டிக் வண்டி. க்ளட்ச் இல்லை என்பதால் அந்த வார்த்தையை அவரால் சொல்ல முடியவில்லை. ஆனால் காலை ஓங்கி ஓங்கி மிதித்துக்கொண்டே வந்தார். அவர் காலடியில் பிரேக் இல்லை. மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்தார், விட்டார். பெல்ட்டைத் தடவினார். எழுபது மைல் வேகத்தில் போனோம். நான் கோட்டைத் தொடவே இல்லை.

“பயமா இருக்கா?” என்று கேட்டேன்.

கையைத் தொடைக்கு அடியில் வைத்தார், எடுத்து மடியில் வைத்தார். அப்புறம், “பயமெல்லாம் இல்ல பிலோ. கைய எங்க வைக்கிறதுன்னு தெரியல” என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இத்தனை வருஷத்தில் காரில் சும்மா உட்கார்ந்தே பழகாத மனுஷன்! செம்பட்டியில் அவர் போட்ட கூச்சலுக்குக்கூட இதுதான் காரணமோ என்னவோ?

“அந்தப் பையில ஆரஞ்சு இருக்கு. உரிச்சுக் குடுங்க” என்றேன்.

உரித்தார். நார் எடுத்தார். கொட்டை எடுத்தார். ஒவ்வொரு சுளையாக என் வாயில் கொடுத்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். காலம் காலமாக அந்த சீட்டில் நான் பார்த்து வந்த உத்தியோகம் அது. பரவாயில்லை, என்னைவிடச் சுத்தமாகவே செய்தார்.

கைக்கு வேலை கிடைத்ததும் கண்ணுக்கும் வேலை வந்தது. நியூஜெர்சியிலிருந்து அவர் பார்த்ததெல்லாம் முன்னால் போகும் லாரியின் முதுகு மட்டும்தானே? இப்போதுதான் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“ஏய் பிலோ, அங்க பாரு! வட்ட வட்டமா வெள்ளாமை!”

சக்கரம் வைத்த நீளமான குழாய் ஒன்று, நடுவில் ஒரு முளையை வைத்துச் சுற்றிச் சுற்றித் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தது. “அம்மாடி... அம்புட்டு நீளக் குழாய்க்கு எத்தன ஹெச்.பி. மோட்டார் வச்சிருப்பான்? எத்தன அடி போர் போட்டிருப்பான்? செத்த நிறுத்தேன், கேட்டுட்டு வாரேன்.”

நிறுத்தவில்லை. “இன்னும் செத்த நேரம் போகட்டும்” என்றேன்.

மோட்டாரைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவரின் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். தலை ஜன்னலில் சாய்ந்திருந்தது. மெல்லிய குறட்டை.

எங்கள் காரில் ஒரு சட்டம் உண்டு. ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தூங்கக்கூடாது. சட்டம் போட்டவர் இவர்தான். கல்யாணம், கருமாதி என்று எங்கே போய்த் திரும்பினாலும் கண்ணைக் கிள்ளிக்கொண்டு விழித்திருந்தவள் நான். சட்டம் போட்டவர் இதோ வாயைத் திறந்து தூங்குகிறார்... அதுவும் நான் ஓட்டும்போது!

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஆர்.டி.ஓ. ஆபீஸில் லைசென்ஸ் வாங்கியபோதுகூட அப்படி இருந்ததில்லை. ரேடியோவை அணைத்துவிட்டு, அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டே ஓட்டினேன்.

ரொம்ப தூரம் போனபிறகு முழித்தார். “எங்க வந்திருக்கோம்?”

“கொலராடோ.”

“அடிப்பாவி! ஒரு மாநிலத்தையே முழுங்கிட்டியா?”

தூரத்தில் பனி போட்ட மலைகள் தெரிந்தன. “மலைய நான் பாத்துக்கிறேன். கொடைக்கானல் கொண்டை ஊசியில ஓட்டுனவன்” என்றார். நானும் மறுக்கவில்லை. ஓரங்கட்டி மாற்றிக்கொண்டோம். அங்கேயே ஒப்பந்தம் முடிந்தது: சமவெளி எனக்கு, மலை அவருக்கு. கலிஃபோர்னியாவில் போய் இறங்கியபோது, மகன் இடது பக்கம் இருந்து இறங்கிய என்னையும், கையில் ஆரஞ்சுத் தோலோடு இறங்கிய அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான்.

அதே ஒப்பந்தம்தான் இங்கேயும். திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு வரைக்கும் என் ராஜ்யம். அதற்கு மேல் கொடைக்கானல் போவதானால் அவர். க்ளட்ச்சோடு மறுபடி பழகக் கொஞ்ச நாள் ஆனது. அந்த நாட்களில் அவர் நிறைய ஆரஞ்சு உரித்தார்.

யோசித்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. கல்யாணத்தில் யார் எந்த சீட் என்று எந்தச் சாமியாரும் மந்திரம் சொல்லித் தருவதில்லை. நாமே ரிசர்வ் செய்துகொள்கிறோம், அப்புறம் ஆயுசுக்கும் மாறுவதில்லை. எங்களுக்கு சீட்டை மாற்றிப் போட ஒரு நாடே வேண்டியிருந்தது. எல்லோருக்கும் அப்படி வேண்டியிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

ஏன் சொல்கிறேன் என்றால்... நேற்று காலையில் வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். போன். ஸ்டெல்லாதான். குரல் கிசுகிசுப்பாக வந்தது.

“மதினி... உக்காந்துட்டேன்.”

“எங்க?”

“கார்ல. ஸ்டீரிங் பக்கம். திண்டுக்கல்லுக்குக் கிளம்புனோம். உங்க தம்பி கதவப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. எந்திரி எந்திரிங்குறாரு. இப்ப என்ன செய்ய?”

அரிவாள்மணையை ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

“பெல்ட்டப் போட்டுக்க” என்றேன்.