சந்திரலேகா கட்டிய பூ

காரைக்குடியில் உரக்கடை வைத்திருக்கும் முத்தரசுவுக்கு ஒரே மகள் சந்திரலேகா. சின்ன வயதில் அவள் எதற்கும் அடம் பிடித்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. கல்லூரியில் உயிர்த்தொழில்நுட்பம் சேர்ந்த இரண்டாவது வருடம்தான் முதல்முறையாக வீட்டில் ஓர் இடம் கேட்டாள். மாடு விற்ற பிறகு சும்மா கிடந்த கொட்டகை அது. அதில் வைக்கோல் அடைத்த பைகளைத் தொங்கவிட்டுச் சிப்பிக்காளான் வளர்த்தாள். முதல் இரண்டு பைகள் பச்சைப் பூசணம் பிடித்து நாறிப்போயின. மூன்றாவதில் காளான் வந்தது. முத்தரசு அதைக் கடைக்கு எடுத்துப்போய், யூரியா வாங்க வந்தவர்களிடமெல்லாம் காட்டினார்.

மூன்றாம் வருடம் துறையில் ஓர் அறிவிப்பு வந்தது. ஐந்து மாதம் வெளிநாட்டில் படிக்கலாம், செலவு முழுக்கப் பல்கலைக்கழகத்துடையது. இரண்டு இடங்கள்: ஒன்று தைவான், மற்றொன்று மலேசியாவில் ஈப்போ பக்கம். தைவானில் காளானுக்கென்றே ஓர் ஆய்வகம் இருந்தது. ஈப்போவில் ஆய்வகம் கிடையாது, நிர்வாகவியல் வகுப்புகள்தான். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அப்பாவின் கையெழுத்தோடு வெள்ளிக்கிழமைக்குள் படிவத்தைக் கொடுக்க வேண்டும்.

ஈப்போ என்ற பெயரைக் கேட்டதுமே முத்தரசுவின் முகம் தெளிந்துவிட்டது. அவருடைய அக்கா அன்னக்கிளி கல்யாணமாகிப் போய் முப்பது வருடமாக இருக்கும் ஊர் அது. அக்காவின் மகன் சேதுபதிக்கு இருபத்தாறு வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. சந்திரலேகாவுக்கு முறை மாப்பிள்ளை. ஐந்து மாதம் அந்த வீட்டில் தங்கிவிட்டு வரும் பெண்ணை அப்புறம் வேறு எவரும் கேட்டு வரமாட்டார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் கல்யாணம் என்ற சொல்லை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் சந்திரலேகா வேண்டாம் என்றாவது சொல்லியிருக்கலாம். சாப்பாட்டைப் பற்றியும் பாதுகாப்பைப் பற்றியுமே பேசினார்கள். தைவானில் பாம்பு தின்பார்கள் என்றார் முத்தரசு. அவளோ அங்கே தங்கப்போகும் விடுதியின் படத்தைக் காட்டினாள், துறைப் பேராசிரியை எழுதிய கடிதத்தைக் காட்டினாள். அவர் கண்ணாடி போட்டுப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அங்குட்டு நமக்கு யாருத்தா இருக்கா?" என்றார்.

அதன் பிறகுதான் அவள், தைவானுக்குப் போகலாமா என்று குலசாமியிடம் பூக்கட்டிக் கேட்டுப் பார்க்கலாம் என்றாள்.

அந்த வீட்டில் அது புதிதில்லை. ஆழ்துளைக் கிணறு தோண்டிய இடம், கடை திறந்த நாள் எல்லாமே கருப்பர் கோவிலில் பூக்கட்டிக் கேட்டவைதான். வெள்ளரளி ஒன்று, செவ்வரளி ஒன்று, தனித்தனியாக இலையில் பொதிந்து சாமி காலடியில் போடுவார்கள். பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் ஊருணியில் போட்டுவிட வேண்டும். பூவைக் கட்டுவது வீட்டின் கன்னிப் பெண்.

முத்தரசு உடனே ஒப்புக்கொண்டார். சாமி சொன்னால் தைவான்தான், தான் குறுக்கே நிற்கப்போவதில்லை என்றார். சொன்ன சொல்லை மீறுகிற ஆள் இல்லை அவர்.

வியாழக்கிழமை காலை சந்திரலேகா அடுப்படியில் உட்கார்ந்து இரண்டு பொட்டலம் கட்டினாள். இரண்டிலும் வெள்ளரளியை வைத்தாள். செவ்வரளியை அரிசி கழுவிய தண்ணீரோடு சாக்கடையில் ஊற்றினாள். பயமாக இருந்தது.

கோவிலில் பூசாரி பொட்டலங்களை வாங்கிப் போட்டதும் முத்தரசு கும்பிட்டுக்கொண்டு உரக்கவே கேட்டார்.

"அப்பனே, புள்ளைய எங்க அக்கா வீட்டுக்கே அனுப்புறேன். சம்மதம்னா வெள்ளையக் குடு."

அன்று காலையில்தான் அக்கா போன் பண்ணி அழுதிருந்தாள். தம்பிக்குத் தன் வீடு ஆகாமல் போய்விட்டதா என்று கேட்டிருந்தாள். கேள்வியை மாற்றுவதில் தப்பு ஒன்றும் அவருக்குத் தெரியவில்லை. சிவப்பு வந்தால் தைவான் என்றாகிவிடுகிறது, அவ்வளவுதானே.

பூசாரி கண்ணை மூடினார். சந்திரலேகா கண்ணை மூடவில்லை. எதை எடுத்தாலும் என்ன வரும் என்பது அந்த இடத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

வெள்ளை வந்தது. முத்தரசு கண் கலங்கினார்.

மிச்சப் பொட்டலத்தை ஊருணியில் போட அம்மா சித்ரா போனாள், மகளும் கூடவே போனாள். படிக்கட்டில் நின்று சித்ரா மகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, பிரிக்கக் கூடாத பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே இருந்ததும் வெள்ளரளிதான்.

"உங்கப்பாவுக்கு என்னையக் கேட்டு வந்தப்ப நான் ஒண்ணு செவப்பு, ஒண்ணு வெள்ளைனு ஒழுங்காத்தான்டி கட்டுனேன்" என்றாள் சித்ரா. "எனக்கும் வெள்ளைதான் வந்துச்சு."

"அப்பாகிட்டச் சொல்லிரவாம்மா?"

"சொல்லு. சாமிய ஏமாத்துன பொண்ணுன்னு ஆயிரும். அப்பறம் தைவானும் கிடையாது, ஈப்போவும் கிடையாது. மிச்சப் படிப்பே வீட்டுல இருந்துதான்."

அம்மா மிரட்டவில்லை. கடையில் விலை சொல்வது போலச் சொன்னாள். பூவைத் தண்ணீரில் விட்டுவிட்டு, இலையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது சந்திரலேகா ஒருமுறை முயன்றாள். நீங்கள் தைவானைக் கேட்பதாகத்தானே சொன்னீர்கள், இன்னொரு தடவை கேட்டுப் பார்ப்போமா என்றாள். முத்தரசு வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"அதைக் கேட்டா என்ன, இதைக் கேட்டா என்னத்தா, சாமி ஒரு வழியக் காட்டிருச்சு. மறுவாட்டி கேட்டா நம்பலைன்னு அர்த்தம். நீதான கேப்பம்னு சொன்ன?"

ஆமாம் என்றாள்.

மறுநாள் காலை கடையில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினாள். இந்தப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணத்தை நூறு சொற்களுக்குள் எழுதச் சொல்லி ஒரு கட்டம் இருந்தது. ஆய்வகம் இல்லாத இடத்துக்கு என்ன காரணம் எழுதுவது என்று பேனாவை வைத்துக்கொண்டு இருந்தாள். சொந்தக்காரர் வீடு பக்கத்தில் இருக்கிறது என்று எழுது, அதைவிட என்ன காரணம் வேண்டும் என்றார் முத்தரசு. அதையே எழுதினாள். மீதிக் கட்டம் வெறுமையாகக் கிடந்தது. அவர் தமிழில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

படிவத்தை வாங்கிய பேராசிரியை இரண்டு முறை படித்தார். தைவானுக்கு வேறு ஒருவர் பெயரைக் கொடுத்துவிடட்டுமா, நிச்சயம்தானா என்று கேட்டார். நிச்சயம்தான் மேடம் என்றாள்.

சாயங்காலம் அன்னக்கிளி வீடியோவில் வந்தாள். சந்தோஷத்தில் மூச்சு வாங்கியது. மாடியில் மருமகளுக்கென்று ஒதுக்கிய அறையைச் சுற்றிக் காட்டினாள். புதுக் கட்டில், புது அலமாரி. இதெல்லாம் சேதுபதியே தூக்கி வைத்தது என்றாள். சேதுபதி ஓரமாக நின்று தலையை ஆட்டினான். பார்க்க நல்ல மாதிரியாகத்தான் இருந்தான். அவனிடமும் யாராவது கேட்டார்களோ என்னவோ.

எல்லாம் பிடித்திருக்கிறதா, வேறு ஏதாவது வேண்டுமா என்று அத்தை கேட்டாள்.

சந்திரலேகா திரையில் தெரிந்த கதவைப் பார்த்தாள்.

"உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கா அத்தை?"

அன்னக்கிளி சிரித்தாள். "நம்ம வீட்டுக்குள்ள எதுக்குத்தா தாழ்ப்பாள்?"